பட்டியலில் பெயர் இல்லையா? கறுப்புத் திரையில் ஒரு முறை தேடிப் பாருங்கள்

தோட்டத்தில் மரண சகாய நிதி நடத்தியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆட்கள் தாமான்களுக்குக் குடிபோன பிறகும் நிதி மட்டும் தொடர்ந்து நடக்கும். ஒரு நாள் காலையில் செயலாளர் வீட்டு வாசலில் ஒரு மகள் வந்து நிற்பார்.

"ஐயா, அப்பா தவறிட்டாரு. அவரு சந்தா கட்டுனது இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

செயலாளர் கணினியைத் திறப்பார். ஆண்டுக்கு ஒரு கோப்பு என்று இருபது, இருபத்தைந்து கோப்புகள். நான்கைந்தைத் திறந்து, தேடும் பெட்டியில் பெயரை அடித்துப் பார்ப்பார். ஒன்றும் வராது.

"பேரு இல்லையேம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பெயர் அங்கேயே இருந்திருக்கலாம். முனியாண்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு கிராணி கடைசியில் 'ஒய்' போட்டிருப்பார், இன்னொருவர் 'ஐ' போட்டிருப்பார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சந்தாப் புத்தகத்தில் மூன்றாவது விதம். காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. தேடும் பெட்டிக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. அடித்த எழுத்து அப்படியே இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடும்.

இருபத்தைந்து கோப்புகளையும் ஒரே வரியில், எத்தனை விதமாக எழுதியிருந்தாலும் தேடித் தரும் கருவி ஒன்று ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மேக் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் கணினியில் அதற்கு ஈடானவை இருக்கின்றன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தெரிவதால், கணினிப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிப் போகிறோம்.

கறுப்புத் திரை என்ன செய்யும்?

சுட்டியால் படத்தை அழுத்திக் கணினியை வேலை வாங்குவது ஒரு வழி. கட்டளையைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவது இன்னொரு வழி. இதற்கான சாளரத்தை மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினல் என்பார்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் என்று இரண்டு உண்டு. ஒரு சொல்லைத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால் கணினி பதில் சொல்லும். அவ்வளவுதான்.

தேடும் கருவியின் பெயர் கிரெப். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஜி, ஆர், இ, பி என்று நான்கு எழுத்து. கட்டளைக்குப் பிறகு எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்று சொல்ல வேண்டும். இங்கே தமிழில் தந்திருப்பதைக் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக் கொள்ளுங்கள்:

கிரெப் -ஐ "முனியாண்டி" *.டிஎக்ஸ்டி

இதில் கழித்தல் கோடும் 'ஐ' எழுத்தும் சேர்ந்தால், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காதே என்று பொருள். அதை விட்டுவிட்டால், முழுவதும் பெரிய எழுத்தில் பதிந்த பெயர் கிடைக்காது. நம் பட்டியல்களில் பாதி அப்படித்தான் இருக்கும். நட்சத்திரக் குறி, இந்தக் கோப்புறையில் டிஎக்ஸ்டி என்று முடியும் எல்லாக் கோப்புகளும் என்று சொல்கிறது. எண்டரை அழுத்தினால் அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு வரியும், எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற விவரத்துடன் வந்து விழும். ஒரு கோப்பறைப் பட்டியல் முழுவதையும் பார்த்து முடிக்க ஒரு நொடி கூட ஆகாது.

கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி வைத்திருந்தால் 'ஆர்' எழுத்தைச் சேர்த்து, நட்சத்திரக் குறிக்குப் பதிலாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் போய்ப் பார்க்கும். 'என்' சேர்த்தால் வரி எண்ணைக் காட்டும். 'சி' சேர்த்தால் வரியைக் காட்டாமல் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லும். 'வி' சேர்த்தால் தலைகீழாக, அந்தச் சொல் இல்லாத வரிகளை மட்டும் காட்டும். சந்தாப் பட்டியலில் 'செலுத்தியது' என்ற சொல் இல்லாத வரிகளைக் கேட்டால் பாக்கிக்காரர் பட்டியல் வந்துவிடும். பொருளாளர்களுக்கு இந்த ஓர் எழுத்து மிகவும் பிடித்துப் போகும்.

சரியான கோப்புறைக்குள் போவதுதான் புதியவர்களுக்குச் சங்கடம். மேக்கில் சி, டி என்று இரண்டு எழுத்தைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்புறையைச் சுட்டியால் இழுத்து டெர்மினல் சாளரத்தின் மேல் போட்டு எண்டரை அழுத்தினால் போதும். விண்டோஸில் கோப்புறையைத் திறந்து, மேலே முகவரி தெரியும் பட்டையில் சிஎம்டி என்று தட்டி எண்டரை அழுத்தினால் அந்த இடத்திலேயே கறுப்புத் திரை திறக்கும்.

ஏதாவது அழிந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கிரெப் படிக்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. ஆபத்து ஒரே ஓர் இடத்தில்தான். விடையைத் தனிக் கோப்பில் சேமிக்க '>' என்ற குறியைப் போடுவார்கள். அந்தக் குறிக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பழைய கோப்பு துடைக்கப்பட்டுவிடும், கணினி ஒரு வார்த்தை கேட்காது. விடைக்கு எப்போதும் புதுப் பெயர் கொடுங்கள். இன்னொன்று, கோப்பின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டால் கிரெப் எதுவும் பேசாமல் காத்துக் கொண்டிருக்கும். கணினி செத்துவிட்டது என்று பதற வேண்டாம். கண்ட்ரோல் விசையுடன் 'சி' எழுத்தை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

யார் எழுதினார் என்று கண்டுபிடிக்கப் பிறந்தது

கிரெப்பை எழுதியவர் கென் தாம்சன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வகத்தில், டென்னிஸ் ரிட்ச்சியுடன் சேர்ந்து யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர். அங்கே லீ மெக்மேன் என்ற உடன் பணியாளர் ஒரு பழைய வழக்கைக் கையில் எடுத்திருந்தார். 1787, 1788ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து 85 கட்டுரைகள் ஒரே புனைபெயரில் வெளிவந்தன. எழுதியவர்கள் மூவர்: ஹாமில்டன், மேடிசன், ஜே. அவற்றில் பன்னிரண்டு கட்டுரைகள் ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா என்ற தகராறு நெடுங்காலம் ஓடிக் கொண்டிருந்தது. யார் எந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று தேடி எண்ணினால் ஆளை அடையாளம் காணலாம் என்பது யோசனை.

கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மெகாபைட் அளவுதான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பெரிது. ஆனால் அன்றைய பிடிபி-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் 64 கிலோபைட்தான். ஈடி என்ற எழுத்துத் திருத்தியில் தேடும் வசதி இருந்தது, கோப்பு முழுவதையும் உள்ளே ஏற்ற இடமில்லை. தாம்சன் அந்தத் திருத்தியிலிருந்து தேடும் பகுதியை மட்டும் வெளியே எடுத்து, கோப்பை ஏற்றாமல் வரி வரியாகப் படித்துக் கொண்டே போகும் தனிக் கருவியாக ஆக்கிவிட்டார். ஒரே இரவில் செய்தார் என்று அவருடன் வேலை செய்த பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். 1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் கிரெப் சேர்ந்தது. திருத்தியில் 'எல்லா இடத்திலும் இந்த எழுத்துக் கோலத்தைத் தேடி அச்சிடு' என்பதற்கு ஜி, ஆர்இ, பி என்று கட்டளை போடுவார்கள். அதுவே கருவியின் பெயராகிவிட்டது.

நடுவில் வரும் ஆர்இ என்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதன் சுருக்கம். எழுத்துக் கோலம் என்று சொல்லலாம். புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல, இந்த இடத்தில் இந்த எழுத்து, அந்த இடத்தில் இரண்டில் ஒன்று, அடுத்த இடத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று வரைந்து காட்டுவது. கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்த கருத்து அது. கணினியில் வேகமாகத் தேடும் வழியைத் தாம்சன் 1968இல் வெளியிட்டார். அமெரிக்கக் கட்டுரைகளுக்குச் செய்த அந்த வேலை, நம் தோட்டப் பெயர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

ஒரு பெயர், பன்னிரண்டு எழுத்துமுறை

முனியாண்டியையே எடுத்துக் கொள்வோம். முதலில் எம், யூ, என், ஐ. இதுவரை தகராறு இல்லை. அடுத்து சிலர் 'ஒய்' போடுவார்கள், சிலர் போட மாட்டார்கள். ஆகவே 'ஒய்' எழுதி அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி வைக்க வேண்டும். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று பொருள். பிறகு ஏ, என், டி. கடைசியில் 'ஐ' அல்லது 'ஒய்'. இரண்டையும் சதுர அடைப்புக்குள் ஒட்டி எழுதினால், இவற்றில் ஏதாவது ஒன்று என்று பொருள். இந்த ஒரு கோலம் நான்கு விதமான முனியாண்டிகளைப் பிடித்துவிடும்.

லெட்சுமி இன்னும் சுவாரஸ்யமானவர். 'எல்' எழுத்துக்குப் பிறகு 'இ' அல்லது 'ஏ'. 'சி, எச்' எழுத்துகளுக்குப் பிறகு 'யூ' வரலாம், 'ஐ' வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். கடைசியில் 'ஐ' அல்லது 'ஒய்'. சதுர அடைப்பு மூன்று, கேள்விக்குறி ஒன்று. கணக்குப் போட்டால் பன்னிரண்டு எழுத்துமுறைகள். ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடித்து, இருபத்தைந்து கோப்புகளில் தேடினால் முந்நூறு தடவை தேட வேண்டும். இங்கே ஒரே வரி. 'கே, எஸ்' போட்டு எழுதும் லக்ஷ்மிகளும் இருந்தால் நடுவில் செங்குத்துக் கோடு ஒன்று போட்டு அந்த எழுத்துமுறையையும் சேர்த்துவிடலாம். இது அல்லது அது என்பதற்கு அந்தக் கோடு.

கேள்விக்குறியும் செங்குத்துக் கோடும் வேலை செய்ய வேண்டுமானால் கிரெப்புக்குப் பக்கத்தில் கழித்தல் கோட்டுடன் 'இ' எழுத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, கருவி சரியில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கோலத்தை மேற்கோள் குறிக்குள் வைப்பதையும் மறக்கக் கூடாது.

தகப்பனார் பெயரையும் சேர்த்துத் தேடும்போது வேறொரு வழுக்கல் உண்டு. இன்றைய மலேசியப் பத்திரங்களில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கும். பழைய தாள்களிலும் சிங்கப்பூரிலும் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று இருக்கும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு புள்ளியும் நட்சத்திரக் குறியும் போட்டால், நடுவில் என்ன இருந்தாலும் கவலையில்லை என்று கிரெப் எடுத்துக் கொள்ளும்.

அடையாள அட்டை எண் தெரிந்தால் பெயரை விட அதுவே உறுதி. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராவுக்கு 08, சிலாங்கூருக்கு 10, ஜொகூருக்கு 01 என்று. சிலர் நடுவில் கோடு போட்டு எழுதுவார்கள், சிலர் பன்னிரண்டையும் ஒட்டி எழுதுவார்கள். கோடு வரும் இரண்டு இடத்திலும் கோட்டை எழுதிப் பின்னால் கேள்விக்குறி வைத்தால் இரண்டு விதமும் கிடைக்கும். ஆனால் மூத்தவர்களுடைய பழைய பதிவுகளில் பழைய அட்டை எண் மட்டுமே இருக்கும். புது எண்ணில் கிடைக்கவில்லை என்பதால் ஆள் உறுப்பினரே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தமிழில் தேடும்போது

பட்டியல் தமிழில் இருந்தால் கதை வேறு. இங்கே எழுத்துக்கூட்டல் தகராறு குறைவு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத தகராறுகள் உண்டு.

நாம் 'னு' என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பதைக் கணினி இரண்டாக வைத்திருக்கிறது, 'ன' ஒன்று, உகரக் குறி ஒன்று. 'ன்' என்பதும் அப்படித்தான், 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. ஆகவே 'முருகன்' என்று தேடினால் 'முருகனுக்கு', 'முருகனின்' இருக்கும் வரிகள் வராது, ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'முருகன' என்று தேடினால் எல்லாம் வரும். 'சங்கம்' தேடுவதானால் 'சங்க' போதும், 'சங்கத்தில்', 'சங்கத்தின்' எல்லாம் கூடவே வரும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக் கொண்டே வருவதால், சொல்லின் வாலை வெட்டிவிட்டுத் தேடுவதே நல்லது. ரொம்ப வெட்டிவிட்டால் வேண்டாததும் வரும். 'மணி' என்று மட்டும் தேடினால் மணியம், மணிமாறன், சுப்பிரமணியம், மாலை மணி 5 எல்லாம் வந்து நிற்கும்.

கௌரி என்ற பெயரைச் சரியாக எழுதினால் ககரத்துடன் ஔகாரக் குறி ஒன்று சேரும். ஆனால் பலர் 'கெ' அடித்து 'ள' அடித்து 'ரி' அடித்துவிடுவார்கள். திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அது கெளரி என்ற வேறு பெயர். கௌசல்யா, சௌந்தரராஜன் பெயர்களுக்கும் இதே கதி. இரண்டு விதமாகவும் தேடிவிட வேண்டும்.

கோயில் நிர்வாகங்களுக்கு இன்னொரு தலைவலி, 'ஸ்ரீ'. அந்த எழுத்தைக் கணினியில் இரண்டு விதமான குறியீட்டு வரிசையில் சேமிக்க முடியும். முதலில் ஸகரத்தை வைத்து எழுதி வந்தார்கள், பிறகு யூனிகோடில் அதற்கென்று தனியாக ஒரு சகரம் சேர்க்கப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒரே 'ஸ்ரீ'தான். ஒரு விசைப்பலகையில் அடித்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், வேறொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். 'ஸ்ரீ'யை விட்டுவிட்டு 'மாரியம்ம' என்று தேடுவது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், பழைய எழுத்துரு. யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் விருப்பப்படி ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பில் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு அதன் மேல் தமிழ்ச் சட்டையைப் போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோப்பில் 'அம்மா' என்று யூனிகோடில் தேடினால் கிரெப் கைவிரித்துவிடும். ஒன்று, அந்த ஆங்கில விசைகளையே கொடுத்துத் தேட வேண்டும். அல்லது கோப்பை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இந்த வட்டாரத் தமிழர்கள் பாடுபட்டது சின்ன விஷயமில்லை. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, முரசு அஞ்சல் செயலியை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்கள். தமிழ் இணைய மாநாடு 1997இல் சிங்கப்பூரில் தொடங்கியது, 2001இல் கோலாலம்பூருக்கும் வந்தது. அங்கெல்லாம் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது, எல்லாருக்கும் பொதுவான ஒரே குறியீட்டு முறை வேண்டும் என்பதுதான்.

இன்று தமிழ் யூனிகோட் எழுத்துகள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கப்படுகின்றன. அதை 1992இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, மேசை விரிப்புத் தாளில் வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் ராப் பைக். மற்றவர் கிரெப்பை எழுதிய அதே கென் தாம்சன்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் இருக்கும் கருவி ஃபைண்ட்ஸ்ட்ர். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களுக்கு இது போதும். சாய்கோட்டுடன் 'ஐ' போட்டால் பெரிய, சிறிய எழுத்து பார்க்காது, 'எஸ்' போட்டால் உள் கோப்புறைகளையும் பார்க்கும். சதுர அடைப்பு இதற்குப் புரியும். கேள்விக்குறியும் செங்குத்துக் கோடும் புரியாது. முனியாண்டியின் நடு 'ஒய்' எழுத்துக்குப் பின்னால் கேள்விக்குறிக்குப் பதில் நட்சத்திரக் குறி வைத்தால் வேலை நடக்கும்.

ஒரு பொறி உண்டு. மேற்கோளுக்குள் இரண்டு சொல்லை இடைவெளி விட்டு எழுதினால், ஃபைண்ட்ஸ்ட்ர் இரண்டும் சேர்ந்த வரியைத் தேடாது, இரண்டில் எது இருந்தாலும் காட்டும். 'ராஜு முத்து' என்று கேட்டால் ஊரிலுள்ள எல்லா ராஜுவும் எல்லா முத்துவும் வருவார்கள். சாய்கோடு, 'சி', முக்காற்புள்ளி மூன்றையும் மேற்கோளுக்கு முன்னால் ஒட்டி எழுதினால்தான் முழுப் பெயராகத் தேடும்.

தமிழ் எழுத்தில் தேட ஃபைண்ட்ஸ்ட்ரை நம்ப முடியாது. பவர்ஷெல்லில் செலக்ட்-ஸ்டிரிங் என்ற கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எழுத்துக் கோலங்கள் எல்லாம் அதற்குப் புரியும். பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தானாகவே கண்டுகொள்ளாது. திரையில் தமிழ் சிதறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கோப்பில் சரியாகவே இருக்கும்.

இவை எல்லாமே வெறும் எழுத்துக் கோப்புகளுக்குத்தான். வேர்ட் கோப்பு உள்ளே சுருக்கி மடித்து வைக்கப்பட்டது, கிரெப்பால் படிக்க முடியாது. ஸ்கேன் செய்த தாள் வெறும் படம், அதில் எழுத்தே இல்லை. எக்செல் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் தேடலாம். அப்படிச் சேமிக்கும்போது பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். மூலக் கோப்பையும் அழித்துவிட்டால் அந்தப் பெயர்கள் திரும்பி வராது.

புலனக் குழுவில் நடந்த பேச்சையும் இப்படித் தேடலாம். குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்தால் டிஎக்ஸ்டி கோப்பாக வரும். யார் எப்போது தவறினார், எவ்வளவு வசூலானது என்பதெல்லாம் பல சங்கங்களுக்கு அதில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நீண்ட செய்தியில் முதல் வரியில்தான் தேதியும் அனுப்பியவர் பெயரும் இருக்கும். தேடிய சொல் மூன்றாவது வரியில் இருந்தால் யார் அனுப்பினார் என்று தெரியாது. கிரெப்பில் பெரிய எழுத்து 'சி' போட்டு, பக்கத்தில் 5 என்று எழுதினால் மேலே ஐந்து வரி, கீழே ஐந்து வரி சேர்த்துக் காட்டும். கிடைத்ததை அப்படியே வெட்டிக் குழுவில் ஒட்டிவிட வேண்டாம். அந்த வரிகளில் மற்றவர்களின் அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் இருக்கும்.

வாசலில் நிற்கும் மகளுக்கு வருவோம். செயலாளர் முதலில் அட்டை எண்ணைக் கேட்டு, கோடு இருந்தும் இல்லாமலும் தேட வேண்டும். பழைய அட்டை எண் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பிறகு பெயரை எழுத்துக் கோலமாக, அதற்கடுத்துத் தகப்பனார் பெயரை மட்டும், பிறகு மனைவி பெயரை. தமிழ்க் கோப்புகளில் புள்ளியை எடுத்துவிட்டு ஒரு முறை. பழைய எழுத்துருவில் அடித்த ஆண்டுகள் எவை என்று பார்த்து, அவற்றை மாற்றிவிட்டு இன்னொரு முறை. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். அதற்கும் வரவில்லை என்றால், கணினிக்கு ஏறாத சந்தாப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும்.